விடிகாலைக்குக் கியோட்டோ, ராத்திரிக்கு ஒசாகா

ஜப்பானுக்கு டிக்கெட் போட்ட அன்றே எங்கள் வீட்டில் சண்டை ஆரம்பித்துவிட்டது, ரூம் போடுவது கியோட்டோவிலா ஒசாகாவிலா என்று. எனக்கு ஒசாகா, மனைவிக்குக் கியோட்டோ. கூட வந்த அம்மாவுக்கு எந்த ஊரானாலும் சரி, தட்டில் மீன் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். கடைசியில் முதல் மூன்று ராத்திரி ஒசாகா, அடுத்த மூன்று கியோட்டோ என்று பிரித்துக்கொண்டோம்.

தூரம் ஒரு விஷயமே இல்லை. ஒசாகா ஸ்டேஷனில் ஜேஆரின் (ஜப்பான் ரயில்வே) ஷின்கைசோகு என்ற வேக ரயில் பிடித்தால் அரை மணியில் கியோட்டோ, 600 யெனுக்குள் முடிந்துவிடும். ஹான்க்யூ என்ற தனியார் ரயில் முக்கால் மணி எடுத்துக்கொள்ளும், ஆனால் 410 யென்தான், பழைய தெருக்கள் நிறைந்த கியோன் பேட்டைக்குப் பக்கத்தில் கவரமாச்சி ஸ்டேஷனிலேயே இறக்கிவிடும். புல்லட் ரயிலில் 15 நிமிடம் என்று ஆசைப்படாதீர்கள். அது ஷின்-ஒசாகா என்ற வேறு ஸ்டேஷனிலிருந்து கிளம்புவது, காசும் இரண்டு மடங்குக்கு மேல். இதையெல்லாம் கணக்குப் போட்டுத்தான் பலரும் ஒசாகாவில் மலிவாகத் தங்கிக்கொண்டு கியோட்டோவைப் பகலில் பார்த்துவிட்டு வரலாம் என்கிறார்கள். நானும் அந்தக் கட்சிதான், கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலுக்குப் போகும்வரை.

ஒசாகாவிலிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேரும்போது மணி பத்தரை. ஏப்ரல் முதல் வாரம், சாகுரா (செர்ரிப் பூ) சீசன் வேறு. ஆயிரக்கணக்கான சிவப்புத் தோரிகள் (கோயில் தோரண வாயில்கள்) வரிசையாக நிற்கும் அந்தப் பாதையில் நான் பார்த்தது முன்னால் போனவரின் முதுகுப்பையை மட்டும்தான். ஒருவர் போட்டோ எடுக்க நின்றால் பின்னால் நாற்பது பேர் நிற்க வேண்டும். வெறுத்துப்போய் பாதியில் திரும்பிவிட்டோம். நான்கு நாள் கழித்து, கியோட்டோவில் தங்கியிருந்தபோது, மனைவி வம்படியாக எழுப்பி ஆறு மணிக்கு அதே இடத்துக்குக் கூட்டிப்போனாள். அந்தக் கோயிலுக்கு வாசல் மூடும் நேரமே கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. 233 மீட்டர் மலையில் யோட்சுட்சுஜி என்ற நடுவழித் திருப்பம்வரை ஏறினோம், எதிரே வந்தவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள், அதில் இரண்டு பேர் உள்ளூர்த் தாத்தாக்கள், குனிந்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். மறுநாள் கியோமிசு-தேரா என்ற புத்தக் கோயிலும் அப்படித்தான். அது காலை ஆறுக்கே திறந்துவிடும். 1633இல் கட்டிய அந்த மரமேடையில் நின்று ஊரைப் பார்க்க, தள்ளுமுள்ளு இல்லாத ஒரே நேரம் அதுதான். இதை ஒசாகாவிலிருந்து செய்வதென்றால் நான்கரைக்கு எழுந்திருக்க வேண்டும். லீவில் போய் அதை யார் செய்வார்கள்?

சரி, ராத்திரிக்கு வருவோம். இங்கே கியோட்டோ படுத்துவிடும். கின்காகு-ஜி என்ற பொற்கோயில் ஐந்து மணிக்கு மூடிவிடுகிறது, நிஷிகி மார்க்கெட்டில் ஐந்தரைக்குள் பாதி ஷட்டர் இறங்கிவிடுகிறது. கியோனில் சுற்றலாம் என்றால், தனியார் சந்துகளில் நுழைந்தால் 10,000 யென் என்று போர்டு. (அங்கே சிலர் கெய்ஷா எனும் பாரம்பரிய ஆடல்பாடல் கலைஞர்களைத் துரத்தித் துரத்திப் போட்டோ எடுத்ததைப் பார்த்தபோது போர்டு வைத்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.)

ஒசாகாவுக்கோ ஆறு மணிக்குத்தான் பொழுதே விடிகிறது. டோட்டன்போரி கால்வாய் ஓரத்தில் கை தூக்கி ஓடும் கிளிக்கோ மனிதன், ஒரு மிட்டாய்க் கம்பெனியின் விளம்பரம், 1935 முதல் அங்கே இருக்கிறான், இப்போது நாம் பார்ப்பது 2014இல் வைத்த ஆறாவது பலகை. கியோட்டோக்காரன் உடுத்தியே ஓட்டாண்டி ஆவான், ஒசாகாக்காரன் தின்றே ஓட்டாண்டி ஆவான் என்று ஜப்பானியர்களே சொல்வார்களாம், இரண்டாவது பாதியை நான் கண்ணால் பார்த்தேன். தகோயாகி சுடும் கல், நம் பணியாரக் கல்லேதான், குழிகள் மட்டும் நெருக்கம். மாவை ஊற்றி, ஆக்டோபஸ் துண்டு போட்டு, கம்பியால் தட்டித் திருப்பும் வேகத்தைப் பார்த்து அம்மாவே ஐந்து நிமிடம் நின்றுவிட்டார். ஒரு எச்சரிக்கை: உள்ளே கொழகொழவென்று கொதித்துக்கொண்டிருக்கும், அவசரப்பட்டு வாயில் போட்டு நாக்கைப் பொசுக்கிக்கொண்டேன். ஷின்செகாய் பேட்டையில் குஷிகட்சு (குச்சியில் குத்திப் பொரித்தது), தகரக் கிண்ணத்துச் சாஸில் ஒரு தடவைதான் தோய்க்கலாம், கடித்ததை மறுபடி தோய்த்தால் முறைப்பார்கள். நம் எச்சில் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஆனால் அம்மாவுக்கு ஒசாகா கொடுமைதான். பிரச்சினை தாஷி, அதாவது சமையலுக்கு அடிப்படையான சாறு. கண்ணுக்குத் தெரியும் மீனை ஒதுக்கிவிடலாம், ஊடோன் நூடுல்ஸ் குழம்பிலும் மிசோ சூப்பிலும் ஒகோனோமியாகி என்ற அடை மாவிலும் கரைந்திருக்கும் கட்சுவோபுஷியை எப்படி ஒதுக்குவது? நம்மூர் மாசிக்கருவாடு தெரியுமில்லையா, அதே சூரை மீனைக் காயவைத்துச் சீவுவது. மூன்று நாளும் அவர் வெறும் சோறு, பழம், கடையில் வாங்கிய உமேபோஷி ஓனிகிரி (புளிப்பு ஊறுகாய்ப் பழம் வைத்த சோற்று உருண்டை) என்றே ஓட்டினார்.

கியோட்டோவில் நிலைமை தலைகீழ். அரஷியாமாவில் தென்ரியூ-ஜி மடத்துக்குள்ளேயே ஷோஜின் ரியோரி, அதாவது புத்தத் துறவிகளின் சாப்பாடு கிடைக்கிறது. மீன் இல்லை, இறைச்சி இல்லை, வெங்காயம் பூண்டும் இல்லை. தாஷிகூடக் கொம்பு கடற்பாசியிலும் காளானிலும்தான். சிவப்புத் தட்டில் எள் தோஃபு, யூபா (சோயாப்பால் ஆடை) என்று குட்டிக் குட்டிக் கிண்ணங்களாக வந்தபோது அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே. விலை கொஞ்சம் உறைக்கும். நன்சென்-ஜி கோயில் பக்கம் யூதோஃபுவும் (வெந்நீரில் கொதிக்கவைத்த தோஃபு) நன்றாக இருந்தது, ஆனால் தொட்டுக்கொள்ளும் சாஸில் மீன் தாஷி இருக்கலாம், கேட்டுவிட்டு வெறும் சோயா சாஸ் வாங்கிக்கொள்ளுங்கள்.

பார்க்கிற இடங்களில் போட்டியே இல்லை, கியோட்டோதான். ஒசாகாக் கோட்டை வெளியே அழகு, உள்ளே போனால் 1931இல் கட்டிய கான்கிரீட், லிஃப்ட் வைத்த மியூசியம். ஆனால் போக்குவரத்தில் ஒசாகா ஜெயிக்கிறது, எங்கே போனாலும் மெட்ரோ. கியோட்டோவில் பஸ்ஸை நம்ப வேண்டும், 230 யென், பின்பக்கம் ஏறி முன்பக்கம் இறங்க வேண்டும். பெரிய பெட்டியோடு அதில் ஏறி நாங்கள் பட்ட அவமானம் போதும், நீங்கள் டாக்ஸி பிடியுங்கள். எங்களுக்குக் கியோட்டோ ரூம் ஒன்றரை மடங்கு விலை ஆனது. 2026 மார்ச் முதல் அங்கே தங்கும் வரியும் ஏறிவிட்டது, ஆடம்பர ஹோட்டலென்றால் ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 10,000 யென்வரை.

மறுபடி போனால் நான் பிரிப்பது இப்படி: இறங்கியதும் விமான நிலையத்திலிருந்தே ஹருக்கா ரயிலில் நேராகக் கியோட்டோ, நான்கு ராத்திரி. முதல் சில நாள் நேரமாற்றத்தில் எப்படியும் நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும் என்று சொன்னால், மனைவி இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் மூன்றரை மணிதான் வித்தியாசம், அதுவும் எதிர்ப்பக்கம், உனக்கு எட்டு மணிவரை தூக்கம்தான் வரும் என்கிறாள். போகட்டும், எழுப்பிவிட அவள் இருக்கிறாள். கடைசி இரண்டு ராத்திரி ஒசாகாவின் நம்பா பக்கம். நன்காய் ரயிலில் அங்கிருந்து கன்சாய் விமான நிலையம் முக்கால் மணிக்குள், தகோயாகிக்குக் கடைசி நிமிடம்வரை நேரம் கிடைக்கும்.