எலிவேஷன் வேலைக்கு ஜிடிஎக்ஸ் 1650: சத்துவாச்சாரியிலிருந்து ஒரு விமர்சனம்

வீடு கட்டுபவர்களுக்கு 3டி எலிவேஷன், அதாவது கட்டி முடித்தால் வீட்டின் முகப்பு எப்படி இருக்கும் என்ற படம், போட்டுக் கொடுப்பதுதான் என் தொழில். என் கம்ப்யூட்டரில் இன்டெல் ஐ5 9400 பிராசசர், 16 ஜிபி ராம், கூடவே வந்த யுஎச்டி 630 கிராஃபிக்ஸ். பிளான் வரைய அது தாராளம். ஆனால் ப்ளெண்டர் என்ற 3டி மென்பொருளில், ஒளி நிழலோடு நிஜம் போன்ற படத்தை உருவாக்கும் சைக்கிள்ஸ் ரெண்டருக்கு அந்த கிராஃபிக்ஸ் கைகொடுக்காது, முழுப் பாரமும் பிராசசர் தலையில்தான். இதற்காகத்தான் 4 ஜிபி மெமரி உள்ள ஜிடிஎக்ஸ் 1650 கிராஃபிக்ஸ் கார்டு போட்டேன்.

ஆபீசர்ஸ் லைன் பக்கம் இருக்கும் கடையில் வாங்கினேன். கார்டு விலையைச் சொல்வதற்கு முன்பே, “எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட்ஸ் சார்?” என்று கேட்டார் கடைக்காரர். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான் எஸ்எம்பிஎஸ். அந்த ஒரு கேள்விக்காகவே அவரைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறேன். 1650 சுமார் 75 வாட்ஸ்தான் இழுக்கும். தனி பவர் கேபிள் கேட்காத மாடலாகப் பார்த்து வாங்கினால், மதர்போர்டு ஸ்லாட்டே அதற்குப் போதும். என் பழைய எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றும் செலவு மிச்சம்.

மாட்டியதும் மானிட்டர் கேபிளை மதர்போர்டிலிருந்து கழற்றி கார்டில் செருக வேண்டும். விஜிஏ மட்டும் உள்ள பழைய மானிட்டர் என்றால் எச்டிஎம்ஐ கன்வெர்ட்டர் ஒன்றும் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், இந்தக் கார்டில் விஜிஏ கிடையாது. அப்புறம் டிரைவர் போட்டு, ரெண்டர் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்க ப்ளெண்டர் பிரிஃபரன்சஸில் ஆப்டிக்ஸையும், ரெண்டர் அமைப்பில் ஜிபியு கம்ப்யூட்டையும் தேர்ந்தெடுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் கார்டு சும்மாதான் கிடக்கும்.

வித்தியாசம் எங்கே தெரிகிறது என்றால், வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. முன்பெல்லாம் முகப்புத் தூணின் டைல்ஸ் நிறத்தை மாற்றினால் திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக நிற்கும், “நாளைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புறேன்” என்று சொல்லி அனுப்பிவிடுவேன். இப்போது பள்ளிகொண்டாவிலிருந்து வந்த தம்பதி சாம்பல், செங்கல், சந்தனம் என மூன்றையும் அங்கேயே பார்த்துவிட்டு, மாலை வெயில் விழுந்தால் எப்படி இருக்கும் என்றும் கேட்டார்கள். சூரியனைத் திருப்பிக் காட்டினேன். அந்த அம்மா சந்தனத்தைத் தேர்ந்தெடுத்தார், அட்வான்ஸும் அன்றே வந்தது.

குறை கார்டின் 4 ஜிபி மெமரிதான். தோட்டம், புல்தரை, பெரிய டெக்ஸ்சர் (சுவர், தரைமேல் ஒட்டும் படங்கள்) எல்லாம் சேர்ந்தால் நிரம்பிவிடும். மரங்களைக் குறைத்துச் சமாளிக்கிறேன். லேஅவுட் முழுவதையும் காட்டும் வேலை எடுப்பவர்கள் 8 ஜிபிக்குக் குறையாமல் பாருங்கள், ஆனால் அதற்கு எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்துப் பணம் எடுத்து வைக்க வேண்டியிருக்கும். நம்ம வேலூர் வெயிலுக்கு கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்பக்கம் ஒரு சாண் இடமாவது விடுங்கள்.