ஃப்ளட்வாட்ச் இந்தியா செயலி: ஆற்றங்கரையில் வசிப்பவரின் மதிப்பீடு

மத்திய நீர் ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட ஃப்ளட்வாட்ச் இந்தியா செயலியைத் தென்பெண்ணைக் கரையில் வசிப்பவன் என்ற முறையில் ஒரே கேள்வியோடு பயன்படுத்திவருகிறேன்: தண்ணீர் தெருவுக்குள் நுழைவதற்கு முன்பே குடும்பத்தோடு கிளம்ப இது உதவுமா? தொடக்கத்தில் 200 நிலையங்களோடு வந்த இந்த இலவசச் செயலி, 2024 ஆகஸ்டில் வெளியான இரண்டாம் பதிப்பில் 592 நிலையங்களாக விரிந்தது. 150 பெரிய நீர்த்தேக்கங்களின் இருப்பு விவரமும் அதில் சேர்ந்தது.

வரைபடத்தில் ஒரு நிலையத்தைத் தொட்டால் தற்போதைய நீர்மட்டத்தோடு எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம், இதுவரை பதிவான உச்ச வெள்ள மட்டம் ஆகியவற்றையும் பார்க்கலாம். எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டினால் மஞ்சள், அபாய மட்டத்தைத் தொட்டால் ஆரஞ்சு, பழைய உச்சத்தை எட்டினால் சிவப்பு என்ற நிற வரிசை, எழுதப் படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்கும் ஒருமுறை சொன்னால் புரிந்துவிடுகிறது. இந்தப் பகுதியை மனமாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் நீர்த்தேக்க இருப்பை மட்டும் பார்த்துவிட்டு, அணையில் இன்னும் இடம் இருக்கிறதே என்று யாரும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையின் மொத்தக் கொள்ளளவு 7.3 டி.எம்.சி.தான் (730 கோடி கன அடி). ஃபெஞ்சல் புயலின்போது அணைக்கு மேற்புறம் உள்ள ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியதைத் தொடர்ந்து, 2024 டிசம்பர் 2 அதிகாலையில் அந்த அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டது. அதே அளவு நீர்வரத்து நீடித்தால், அடியோடு காலியாக இருக்கும் சாத்தனூர் அணைகூடப் பன்னிரண்டு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அதன் பிறகு வருவதை அப்படியே வெளியேற்றுவதைத் தவிர வழியில்லை. தேக்க முயன்றால் அணைக்கே ஆபத்து. பாசனத்துக்காகக் கட்டிய அணையைப் பருவமழைக் காலத்தில் காலியாக வைத்திருக்க எந்த விவசாயியும் சம்மதிக்க மாட்டார், அதில் நியாயமும் உண்டு. ஆகவே பெருமழைக்கு எத்தனை நாள் முன்பிருந்து எவ்வளவு நீரைப் படிப்படியாகத் திறப்பது என்பதில்தான் வெள்ளத்தின் வேகம் பெருமளவு தீர்மானமாகிறது. அந்த முடிவு மாநில நீர்வளத் துறையின் கையில் இருக்கிறது.

அணைக்குக் கீழே பெய்யும் மழை இன்னொரு சிக்கல். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை பெய்தபோது, அந்த நீரைப் பிடித்துவைக்க மேலே இருக்கும் பாபநாசம், மணிமுத்தாறு அணைகளால் இயலவில்லை. தாமிரபரணிக் கரையில் இருப்பவர் நீர்த்தேக்க இருப்பை மட்டும் நம்பினால் பாதி வெள்ளத்தைக்கூடக் கணிக்க முடியாது.

செயலியின் பெரிய குறைகளாக இரண்டைச் சொல்வேன். வெளியீட்டின்போது ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே இருந்தன. வெள்ள எச்சரிக்கை அவரவர் தாய்மொழியில் வராவிட்டால் பதற்றமான நேரத்தில் அதைப் படித்து யோசிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. அடுத்து, ஆற்று மட்டம் குறித்து 24 மணி நேர முன்கணிப்பும் ஏழு நாள் வரையிலான அறிவுரையும் கிடைத்தாலும், மதகு எப்போது எவ்வளவு திறக்கப்படும் என்பதற்கு உள்ளூர் அறிவிப்பைத்தான் எதிர்பார்க்க வேண்டியுள்ளது. அதனால் மாநில அரசின் டிஎன்-அலர்ட் செயலியையும் கட்டாயம் வைத்திருங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070, மாவட்டத்தின் 1077 ஆகிய எண்களைக் கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள்.

மஞ்சள் தெரிந்ததும் குடும்ப அட்டை, பத்திரம், மருந்துகளை ஒரே பையில் கட்டி உயரத்தில் வைக்கலாம். கால்நடைகளை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டிவிடலாம். உபரிநீர்த் திறப்பை உயர்த்துவதாக அறிவிப்பு வந்தால், ஆரஞ்சுக்குக் காத்திராமல் மின்சார மெயினை அணைத்துவிட்டுப் பகலிலேயே கிளம்புவது நல்லது. தரைப்பாலத்தின் மீது தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் அந்த வழியைக் கைவிட வேண்டும்.

ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண் தருகிறேன். ஒவ்வோர் அணையின் திறப்புத் திட்டமும், அந்த நீர் எந்த ஊரை எத்தனை மணிக்கு எட்டும் என்ற கணிப்பும் தமிழில் சேர்க்கப்பட்டால், மீதி ஒன்றரையையும் தயக்கமின்றிக் கொடுத்துவிடுவேன்.