பனிச்சறுக்குப் பயணக் காப்பீடு: கவுண்டரில் எடுப்பதா, கிளம்புமுன் எடுப்பதா?

லண்டனிலிருந்து பிரெஞ்சு ஆல்ப்ஸுக்குப் பனிச்சறுக்கப் போகிறவர்களுக்கு மூன்று வழிகள் உண்டு. பிரிட்டன் வழங்கும் ஜி.எச்.ஐ.சி. என்ற மருத்துவ அட்டையை மட்டும் நம்பிப் போகலாம். அங்கே மலை மேலே ஏற்றிவிடும் லிஃப்டுக்கான பாஸைக் கவுண்டரில் வாங்கும்போது, நாள் கணக்கில் ‘கார்ரே நேஜ்’ என்ற காப்பீட்டைச் சேர்த்துக்கொள்ளலாம். அல்லது பனி விளையாட்டுப் பிரிவோடு கூடிய பயணக் காப்பீட்டை இங்கேயே எடுக்கலாம். அங்குள்ள பனிச்சறுக்கு ஊரான வால் தோரான்ஸ் போக முடிவு செய்த அன்றே நானும் மனைவியும் மூன்றாவதை எடுத்துவிட்டோம்.

முதல் வழியைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. அந்த அட்டை அரசு மருத்துவச் சிகிச்சைக்குத்தான் உதவும். சரிவிலிருந்து ஸ்லெட்ஜில் கட்டிக் கீழே இறக்கும் செலவும், காயத்தோடு ஊர் திரும்பும் செலவும் அதில் அடங்கா. பிரான்சில் சறுக்குத் தடத்தில் நடக்கும் மீட்புக்கு அந்த ஊரின் உள்ளாட்சி, அடிபட்டவரிடமே கட்டணம் கேட்கும்.

கார்ரே நேஜ் நல்ல காப்பீடுதான். ஒரு நாளைக்குச் சில யூரோக்களே ஆகின்றன. மீட்புக் குழு வந்து இறக்கினால் அந்தக் கட்டணத்துக்கு நீங்கள் முன்பணம் கட்ட வேண்டியதில்லை. இங்கே எடுக்கும் பாலிசியில் பெரும்பாலும் முதலில் நாமே கட்டி, ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, பிறகு கிளெய்ம் செய்ய வேண்டும். இந்த ஒன்றில் கவுண்டர் காப்பீடே மேல்.

ஆனாலும் என்னை மறுபக்கம் சாய்த்தது காப்பீடு தொடங்கும் தேதி. கவுண்டரில் வாங்குவது பனியில் கால் வைக்கும் நாளிலிருந்துதான் கணக்கு. பயணத்துக்கான ஆபத்து அதற்கு இரண்டு மாதம் முன்பே, உடற்பயிற்சியிலேயே தொடங்கிவிடுகிறது. பனிச்சறுக்கில் அதிகம் அடிபடுவது முழங்கால். தினமும் ஓடுகிறவர்களுக்கு மூச்சு தாங்கும். மடக்கிய முழங்காலோடு நிமிடக்கணக்கில் இறங்கத் தொடை தாங்க வேண்டுமே! அதனால் சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலி இல்லாமலே உட்கார்ந்த நிலையில் நிற்கிறோம். அரை நிமிடத்திலேயே தொடை நடுங்கத் தொடங்கும். அந்த நடுக்கத்தைப் பொறுத்து மேலும் சில நொடிகள் நிற்பதில்தான் பலன். படிக்கட்டில் ஒவ்வொரு படியாக மெதுவாக இறங்குவதும், ஒற்றைக் காலில் நின்று பழகுவதும் இதனோடு சேரும். வால் தோரான்ஸ் ஊரே 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் மூச்சுப் பயிற்சியையும் விட முடியாது.

இந்தப் பயிற்சியிலேயே கணுக்கால் பிசகினால்? விமான டிக்கெட், தங்குமிடம், சறுக்குப் பலகை வாடகை, பயிற்சி வகுப்பு என்று எல்லாவற்றுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. பயணம் செய்யக்கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அந்தப் பணத்தை உச்சவரம்புக்கு உட்பட்டுத் திருப்பித் தருவது முன்கூட்டி எடுத்த பாலிசி மட்டுமே. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே பயணத்துக்கான பாலிசியில் ரத்துக்கான பாதுகாப்பு பொதுவாக வாங்கியவுடன் தொடங்கும். ஆண்டு பாலிசியில் அது நாம் குறிக்கும் தொடக்கத் தேதியிலிருந்துதான். புறப்படும் நாளையே தொடக்கத் தேதியாகக் குறித்தால், அதற்கு முந்தைய வாரங்கள் வெறுமையாகிவிடும். வாங்கும் நாளையே குறியுங்கள்.

மனைவிக்குப் பழைய முழங்கால் வலி உண்டு. விண்ணப்பத்தில் அதைக் கேட்டார்கள். பிசியோதெரபி எடுத்ததையும் எழுதினோம். பிரீமியம் சற்றுக் கூடியது. கூடினால் கூடட்டும், நாளைக்கு அதே முழங்காலில் அடிபட்டால் மறைத்துவிட்டீர்கள் என்ற பேச்சுக்கு இடமிருக்காது.

தடத்தை விட்டு விலகிச் சறுக்குகிறவர்களுக்கு என்னால் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. நாங்கள் எளிதான பச்சை, நீலத் தடங்களைத் தாண்டுவதில்லை. வழிகாட்டியோடு போனால் மட்டுமே செல்லும் என்று சொல்லும் பாலிசிகள் உண்டு, அறவே விலக்கும் பாலிசிகளும் உண்டு. அந்தப் பத்தியை வாங்குமுன் படித்துவிடுங்கள்.

இத்தாலிக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். 2022 முதல் அங்கே சறுக்குத் தடங்களில் இறங்க, பிறருக்கு ஏற்படுத்தும் சேதத்துக்கான காப்பீடு கட்டாயம். உங்கள் பயண பாலிசியில் அந்தப் பிரிவு இல்லையென்றால், அங்கே கவுண்டரிலாவது எடுத்துக்கொள்ளுங்கள்.