மேக்னடிக் டைல்ஸ்: எல்லாம் நன்று, அந்த விளிம்பு இணைப்பைத் தவிர

"ரெண்டு வயசுப் பையன். வெளியே விடமுடியாத குளிர். சாயங்காலம் சீக்கிரமே இருட்டிவிடுகிறது. டைல்ஸ் விலை இறங்கியிருக்கிறது, வாங்கிவிடவா?" என்று நண்பர் கேட்டிருக்கிறார். ஓரங்களில் காந்தம் வைத்த, ஒன்றோடொன்று ஒட்டும் வண்ண பிளாஸ்டிக் துண்டுகள்தான் இந்த டைல்ஸ். பெட்டிக்குள் என்னென்ன வடிவம் இருக்கும், எவ்வளவு பெரிது என்பதெல்லாம் அவருக்கே தெரியும். கடையில் தெரியாமல், பல மாதம் பயன்படுத்திய பிறகு தெரியவருவதை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது: வீட்டுக்குள் அடைபட்ட குழந்தைக்கு இதைவிட நல்ல கட்டுமான விளையாட்டு எனக்குத் தெரியாது. எந்த ஓரத்தை எந்த ஓரத்தோடு வைத்தாலும் ஒட்டுகிறது. சாதாரண காந்தமென்றால் பாதி நேரம் விலக்கித் தள்ளும். இதில் காந்தங்கள் இறுகப் பதிக்கப்படுவதில்லை. ஓரத்தில் உள்ள சின்ன அறைக்குள் உருள இடம்விட்டு அமைக்கப்படுகின்றன. இன்னொரு டைல் நெருங்கியதும் காந்தம் தானே புரண்டு ஈர்க்கும் முனையைக் காட்டிவிடும். குலுக்கினால் கேட்கும் கடகட சத்தம் அதுதான், பழுது அல்ல. இரண்டு வயதில் கண் போகும் இடத்துக்கு விரல் போகாது. அழுத்திப் பொருத்தும் கட்டைகள் பாதியில் கோணிக்கொண்டு அழுகையில் முடியும். இங்கே ஓரத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால் போதும், மிச்சத்தைக் காந்தம் பார்த்துக்கொள்கிறது. அந்தச் சின்ன வெற்றி திரும்பத் திரும்பக் கிடைப்பதால்தான் குழந்தை உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுவதில்லை.

பக்கத்திலேயே ஆள் உட்கார்ந்திருந்தால் மட்டும் இவை: ஒன்றரை வயதில் கட்டச் சொல்லாதீர்கள், ஒட்டச் சொல்லுங்கள். குளிர்பெட்டியின் கதவு இரும்புத் தகடாக இருந்தால் அதுவே பெரிய பலகை. துருப்பிடிக்காத எஃகில் சில வகைகளில் காந்தம் ஒட்டாது, ஒரு டைலை வைத்துப் பார்த்துவிடுங்கள். குழந்தை நின்றுகொண்டு ஒட்டி, பிய்த்து, குனிந்து எடுத்து, மறுபடி ஒட்டும். ஓட இடமில்லாத நாளில் உடம்புக்கும் வேலை. இரண்டு வயதில் தரையில் பரப்பிக் கோலம்போல் சேர்ப்பது. இரண்டரையை ஒட்டி, நான்கு சுவர் எழுப்பி பொம்மைக் கார் நிறுத்துவது. ஒரு குழந்தைக்கு முப்பது நாற்பது துண்டு தாராளம், அதில் பெரும்பங்கு 7.5 செ.மீ. சதுரமாக இருக்கட்டும். நூறு துண்டுப் பெட்டி இந்த வயதுக்கு இறைப்பதற்குத்தான் பயன்படும்.

கட்டுவது ஏன் சரிகிறது என்பதற்குக் குளிர்காலத்துக்கே உரிய ஒரு காரணம் உண்டு. தரை சில்லென்றிருப்பதால் எல்லோரும் கனத்த விரிப்பையோ பஞ்சு மெத்தை விரிப்பையோ போட்டுவிடுகிறோம். அதன்மேல் டைல் ஓரம் அமிழும், சுவர் சாயும், குழந்தையின் முழங்கால் பக்கத்தில் பட்டாலே கோபுரம் விழும். பொம்மையின் குற்றமல்ல இது. 60 செ.மீ. சதுரமுள்ள ஒட்டுப்பலகை ஒன்றை, 9 மி.மீ. கனத்தில், ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்து விரிப்பின்மேல் போடுங்கள். பாதிச் சரிவு நின்றுவிடும்.

மீதிச் சரிவு கூரையில். இரண்டு டைல் சேரும் ஓரம் ஒரு கீல் மாதிரி, இழுவிசையைத் தாங்கும், வளைவைத் தாங்காது. ஆகவே தனிச் சுவர் நிற்காது. செங்கோணத்தில் இன்னொரு டைல் முட்டுக்கொடுத்தால் நிற்கும். கனசதுரமாக ஒரு பெட்டி கட்ட ஆறு சதுரம். பெட்டி இரண்டைச் சேர்த்து நடுச்சுவர் இல்லாமல் கட்டினால் பத்து. இரண்டுக்கு இரண்டு வீடு என்றால் சுவருக்கு எட்டு, கூரைக்கு நான்கு, பலகை மேல் கட்டுவதால் தரை வேண்டாம். ஆனால் அந்த நான்கு கூரைச் சதுரங்களும் சந்திக்கும் நடுமுனைக்குக் கீழே தாங்க ஒன்றுமில்லை. நான்கு ஓரமும் ஒரே நேரத்தில் தொய்ந்து மொத்தமும் உள்ளே விழும். 15 செ.மீ. பெரிய சதுரம் ஒன்றைக் கூரையாக வையுங்கள், அல்லது உள்ளே ஒரு நடுச்சுவர் எழுப்புங்கள். இந்த ஒரு விஷயம் தெரிந்தால் வீட்டில் அழுகை குறையும்.

இருட்டிய பிறகுதான் இந்தப் பொம்மையின் அழகே. கட்டியதற்குள் ஒரு கைவிளக்கை வைத்து அறை விளக்கை அணைத்தால் சுவரெல்லாம் வண்ணம். மஞ்சளையும் நீலத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் பச்சை வரும். சிவப்பும் நீலமும் சேர்ந்தால் கிட்டத்தட்ட இருட்டு. விளக்கின் பேட்டரி மூடி திருகாணி போட்டு மூடியதாக இருக்க வேண்டும். பட்டன் பேட்டரி மூடியைக் கையாலேயே திறக்கக்கூடிய விளக்கு இந்த வயதுக் குழந்தையிடம் போகவே கூடாது.

இவ்வளவும் சொல்லிவிட்டு இப்போது விளிம்பு இணைப்புக்கு வருகிறேன்.

டைல் என்பது இரண்டு பிளாஸ்டிக் பாதிகள். நடுவே காந்தங்களை வைத்து, மீயொலி அதிர்வால் ஓரத்தை உருக்கி ஒட்டுகிறார்கள். சில டைல்களில் மூலைக்கு ஓர் உலோக ரிவெட்டும் (இரு பாதிகளையும் பிணைக்கும் ஆணி) உண்டு, பலவற்றில் இல்லை. குழந்தையின் வயிற்றுக்கும் காந்தத்துக்கும் நடுவே இருப்பது அந்தச் சன்னமான உருகிய கோடு மட்டுமே. திருகாணி இல்லை, திறந்து பார்க்க வழியில்லை, பிரிந்தால் மறுபடி பழைய உறுதிக்குக் கொண்டுவர வழியில்லை. இவ்வளவு யோசித்து காந்தம் உருள அறை செய்தவர்கள் மூலைக்கு மூலை ரிவெட் அடிக்காமல் விட்டது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

இந்தக் கோடு எங்கே பிரியும் என்பது தெரிந்த கதை. சாய்ந்து கிடக்கும் டைலின்மேல் பெரியவர் குதிகால் பட்டால். மேசையிலிருந்து வெறுந்தரையில் மூலைகுத்தி விழுந்தால். எல்லாவற்றுக்கும் மேல், பல் முளைக்கும் குழந்தை மூலையைக் கடித்துக்கொண்டே இருந்தால். குளிரும் சேர்ந்துகொள்கிறது: சூடேற்றாத அறையிலோ காரிலோ இரவு முழுக்கக் கிடந்த பிளாஸ்டிக் விறைத்திருக்கும், எடுத்தவுடன் விழுந்தால் எளிதில் விரிசல் விடும். அறைச் சூட்டுக்கு வந்தபிறகு கொடுங்கள். வெப்பமும் ஆகாது. ஹீட்டரில் ஒட்டி விளையாட விடாதீர்கள், பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் போடாதீர்கள். சில டைல்களில் இருக்கும் வலுவான நியோடிமியம் காந்தம், சாதாரண ரகமானால், 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது இழுவிசையில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கலாம். நீர் உள்ளே புகுந்து மேற்பூச்சு கீறிய இடம் கிடைத்தால் துருவும் பிடிக்கும். வேறு சில டைல்களில் இருக்கும் ஃபெரைட் காந்தம் துருப்பிடிக்காது, ஆனால் இணைப்புக்குள் நீர் போவது இரண்டுக்கும் ஒன்றே. பிழிந்த ஈரத்துணியால் துடைத்து, உடனே காயவைப்பது போதும்.

வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டைலையும் பாருங்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் உள்ளிருக்கும் காந்தங்கள் தெரியும். எல்லா ஓரத்திலும் அதனதன் எண்ணிக்கை இருக்கிறதா? பிறகு இரண்டு கட்டைவிரலாலும் ஓரத்தை மெல்ல வளையுங்கள். மூலையில் வெள்ளைக் கோடு தெரிந்தால் பிளாஸ்டிக் களைத்துவிட்டது என்று பொருள், விரிசல் அடுத்தபடி. நகம் நுழையும் இடைவெளி இருந்தால் அந்த டைல் அன்றே முடிந்தது. மொத்தத் துண்டு எண்ணிக்கையைப் பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதிவைத்து, எடுத்துவைக்கும்போது எண்ணுங்கள்.

சூப்பர் க்ளூ போட்டு ஒட்டலாமா என்றும் நண்பர் கேட்டிருக்கிறார். கூடாது. அந்தப் பசை காய்ந்ததும் கண்ணாடி மாதிரி உடையும் தன்மையுடையது, அடுத்த விழுதலில் அதே கோட்டில் பிளக்கும். வெளியே பார்க்க முழுசாகத் தெரியும் என்பதுதான் இன்னும் ஆபத்து. உடைந்ததை அகலமான டேப்பால் முழுதுமாகச் சுற்றி, குழந்தைக்கு எட்டாமல் வைத்து, வாங்கிய இடத்தில் மாற்று கேளுங்கள்.

இவ்வளவு பதற்றம் எதற்கென்றால், காந்தம் வயிற்றுக்குள் போனால் காசு விழுங்கியதுபோல் அல்ல. இரண்டு காந்தங்கள், அல்லது ஒரு காந்தமும் ஓர் இரும்புத்துண்டும், குடலின் இரு வெவ்வேறு மடிப்புகளில் இருந்துகொண்டு ஒன்றையொன்று இழுக்கும். நடுவே சிக்கிய குடல்சுவருக்கு இரத்தம் நின்று ஓட்டை விழும். தொடக்கத்தில் வெறும் வயிற்றுவலி, வாந்தி என்றுதான் தெரியும், சில நேரம் அதுவும் இருக்காது. விழுங்கியதாகச் சந்தேகம் இருந்தாலே அவசர சிகிச்சைக்குப் போய் எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். வாந்தியெடுக்க வைக்காதீர்கள், எதுவும் உண்ணவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள், தானே வெளியே வரும் என்று காத்திருக்காதீர்கள்.

பொம்மைத் தர விதிகள் இதைக் கணக்கில் எடுத்திருக்கின்றன. ஐரோப்பிய இ.என். 71-1, அமெரிக்க ஏ.எஸ்.டி.எம். எஃப்963 இரண்டும், சிறு துண்டு அளவில் கழன்றுவரும் காந்தத்தின் ஃபிளக்ஸ் குறியீட்டெண் (காந்தத்தின் வலிமையைக் காட்டும் அளவு) 50க்குக் கீழே இருக்க வேண்டும் என்கின்றன. 31.7 மி.மீ. விட்டமுள்ள சோதனை உருளைக்குள் முழுதும் அடங்குவதுதான் சிறு துண்டு. கீழே போட்டும் இழுத்தும் முறுக்கியும் செய்யும் சோதனைகளும் உண்டு. ஆனால் அவை புதிய டைலுக்கு நடப்பவை. மூன்று குளிர்காலம் கடிபட்டு மிதிபட்ட டைலுக்கு உங்கள் கண்தான் சோதனைச்சாலை.

ஆக, நண்பருக்குப் பதில்: இப்போது வாங்காதீர்கள். பெரும்பாலான பெட்டிகளில் மூன்று வயதுக்கு மேல் என்று போட்டிருப்பதை ஒப்புக்கு எழுதியது என்று நினைக்க வேண்டாம். பக்கத்திலேயே உட்கார ஆள் இருக்கும் வீடென்றால் என் பதில் கொஞ்சம் மாறலாம். ஆனால் குளிர்காலத்தில் குழந்தையை உட்காரவைத்துவிட்டு வேலை பார்க்கத்தான் எல்லோரும் பொம்மை தேடுகிறோம், அதற்கு இது ஆகாது. பையன் எதையும் வாயில் வைப்பதை விட்டபிறகு, மூலைக்கு மூலை ரிவெட் அடித்த பெட்டி பார்த்து வாங்குங்கள். அதுவரை, அவன் உள்ளே நுழையும் அளவு அட்டைப்பெட்டி இரண்டு, தரையில் ரோடு போட ஒரு சுருள் மாஸ்கிங் டேப். டேப்பை அன்றன்றே உரித்துவிடுங்கள், ஹீட்டர் ஓடும் அறையில் பசை தரையில் தங்கிவிடும்.