தொடக்கப்பள்ளியில் மைக்ரோபிட்: பல ஆண்டு வகுப்பறை அனுபவம்

சிங்கப்பூரில் 2020 முதல் எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் மேல்வகுப்பு மாணவர்கள் ‘கோட் ஃபார் ஃபன்’ திட்டத்தில் 10 மணி நேரம் போல நிரலாக்கம் படிக்கிறார்கள். நான் தமிழாசிரியை. அந்த வகுப்புகளுக்கு உதவப் போய், பிறகு இணைப்பாட நடவடிக்கையிலும் மைக்ரோபிட் என்ற சிறு கணினிப் பலகையோடு பழகி வருகிறேன். பத்து வயதுப் பிள்ளைக்கு நிரல் எழுதக் கற்றுக்கொடுக்க இதைவிடப் பொருத்தமான பொருளை நான் கையாண்டதில்லை.

உள்ளங்கையில் அடங்கும் பலகை. 25 சிவப்பு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் சில்லு. 2020இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒலிபெருக்கியும் மைக்கும் சேர்ந்தன. மேக்கோட் என்ற இணையத்தளத்தில் கட்டளைத் துண்டுகளை இழுத்துப் பொருத்தி, நிரலைப் பலகைக்கு அனுப்பினால் சரி, உடனே ஓடும்.

குலுக்கினால் 1 முதல் 6 வரை ஏதோ ஓர் எண் வரவேண்டும் என்பது நாங்கள் வழக்கமாகக் கொடுக்கும் முதல் பயிற்சி. தொடக்கநிலை 5 மாணவி ஒருத்தி அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாட்டியோடு தாயம் ஆடப் பார்த்தாள். பாட்டி ஒப்புக்கொள்ளவில்லை. “பன்னெண்டு விழவே இல்லையே, இது என்னடி தாயக்கட்டை?” என்று கேட்டுவிட்டாராம். அடுத்த வாரம் அவள் நிரலை முதலிலிருந்து மாற்றினாள். இரண்டு கட்டைகளுக்கு இரண்டு எண்கள், ஒவ்வொன்றும் 0 முதல் 3 வரை. இரண்டையும் கூட்டு, கூட்டுத்தொகை 0 என்றால் 12 என்று காட்டு. ‘என்றால்’ என்ற நிபந்தனை எதற்கு என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அது தேவைப்பட்டது, தேடி எடுத்துக்கொண்டாள். அப்புறம் 3 மட்டும் ஏன் அடிக்கடி விழுகிறது என்று வகுப்பில் பேச்சு வந்தது. வெண்பலகையில் 16 சேர்க்கைகளையும் எழுதிப் பார்த்தார்கள். 3 நான்கு வழிகளில் வருகிறது, 12 ஒரே ஒரு வழியில். அன்று பாடநேரம் முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை.

திரையிலேயே முடிந்துவிடும் நிரலில் இது நடப்பது அரிது. பலகையைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், பிள்ளையின் நிரலைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்கள் சண்டை போடலாம்.

ஒரு குறை எனக்கு இன்னும் உறுத்துகிறது. எழுத்தை ஓடவிடும் கட்டளை ஆங்கில எழுத்துக்கு மட்டும்தான். தமிழ் வேண்டுமென்றால் விளக்கு விளக்காக நாமே வரைய வேண்டும். ட, ப இரண்டும் ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் அழகாக உட்காரும். மேல் வரிசையில் புள்ளி வைத்தால் ‘ட்’, ‘ம்’ கூடச் சமாளிக்கலாம். அதனால் ‘பட்டம்’ எழுதிவிடலாம். ‘ஞ’ எழுத முயன்றவர்கள் கைவிட்டார்கள்.

பலகைகள் கம்பியில்லாமல் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் வானொலி வசதி பிள்ளைகளுக்கு உயிர். ஆனால் எல்லாரும் ஒரே குழு எண்ணை வைத்தால் வகுப்பு முழுக்கச் செய்திகள் கலந்துபோகும். மேசைக்கு ஒரு குழு எண் கொடுங்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் கலக்கவே விடுங்கள். ‘நான் அனுப்பியதை யார் யார் பார்க்கிறார்கள்’ என்ற கேள்வி தானாக வரும், இணையப் பாதுகாப்பைப் பேச அதுதான் நேரம்.

செலவு பலகையோடு நிற்பதில்லை. முதலில் போவது பேட்டரிப் பெட்டியின் கம்பி. செருகியைப் பிடிக்காமல் கம்பியைப் பிடித்து இழுப்பார்கள். யுஎஸ்பி கேபிளைத் தலைகீழாக அழுத்துவார்கள். கேபிள்களும் பேட்டரிப் பெட்டிகளும் உபரியாக வைத்திருங்கள்.

10 மணி நேரம் போதாது என்பது என் உறுதியான கருத்து. ஆர்வம் பிடிக்கும் இடத்தில் வகுப்பு முடிந்துவிடுகிறது. தாயக்கட்டை மாதிரி ஒன்று பிறக்க இன்னும் சில வாரங்கள் வேண்டும்.

பெற்றோர்கள் இதற்காக உடனே பலகை வாங்க வேண்டாம். மேக்கோட் தளத்திலேயே திரையில் ஓடும் இலவசப் பாவனைப் பலகை இருக்கிறது, குலுக்குவதைக்கூடச் சுட்டியால் செய்து பார்க்கலாம். பிள்ளை தானாகவே இரண்டாவது நிரலைக் கேட்டால், அப்போது வாங்குங்கள்.