ஸோலிங்கன் கத்தி என்று சொல்லி 1,450 ரேண்ட் பறித்துவிட்டார்கள், ஜாக்கிரதை

தென்னாப்பிரிக்காவில் டர்பன், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து படியுங்கள். வாட்ஸ்அப்பில் சமையல் கத்தி விற்கும் ஒரு கடை, கடை என்றால் கதவு ஜன்னல் எதுவும் கிடையாது, படங்களும் ஒரு போன் நம்பரும்தான், என்னிடம் 1,450 ரேண்ட் வாங்கிக்கொண்டு உபயோகமில்லாத கத்தியைத் தலையில் கட்டிவிட்டது. வயிறு எரிகிறது, அதனால்தான் இப்போதே எழுதுகிறேன்.

புரட்டாசிக்கு எங்கள் வீட்டில் மடும்பி, அதாவது சேப்பங்கிழங்கு, நிறைய சமைப்போம். பலகையில் வைத்து நறுக்குவது வேறு, கிழங்கைக் கையில் பிடித்துக் கட்டைவிரல் பக்கமாகத் தோல் சீவுவது வேறு. அதற்கு 8, 9 சென்டிமீட்டர் நீளத்தில் கனமில்லாத கத்தி வேண்டும், விரல் படும் முதுகுப்பக்கம் மழுங்க இருக்க வேண்டும், கைப்பிடி ஈரத்திலும் வழுக்கக் கூடாது. இதையெல்லாம் விவரமாக எழுதிக் கேட்டேன். "ஆன்ட்டி, உங்க கை சின்னதா பெருசா?" என்று கடைக்காரன் திருப்பிக் கேட்டான். கத்தியைப் பற்றித் தெரிந்தவன்தானே இப்படிக் கேட்பான்! ஜெர்மனியில் கத்திக்குப் பேர்போன ஸோலிங்கன் ஊர்ச் சரக்கு, 8 சென்டிமீட்டர், உங்கள் கைக்கென்றே செய்தது போல இருக்கும் என்றான். நம்பி 1,450 ரேண்டையும் மொத்தமாக அனுப்பினேன்.

வந்த கத்தியை அளந்தால் 12 சென்டிமீட்டர். முதுகின் விளிம்பைத் தேய்க்கவே இல்லை, ஒரு சட்டி கிழங்கு சீவுவதற்குள் ஆள்காட்டி விரலில் சிவப்பாகக் கோடு விழுந்துவிட்டது. கைப்பிடி ஆணிகள் துருத்திக்கொண்டு உள்ளங்கையைக் குத்துகின்றன, மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே இருக்கும் இடுக்கில் கிழங்கின் கொழகொழப்பு போய் அடைத்துக்கொள்கிறது. ஸோலிங்கன் என்ற எழுத்து பாத்திரம் தேய்க்கும் நாரிலேயே அழிந்துபோனது! அந்த ஊரில் செய்த கத்திக்குத்தான் அந்தப் பெயரைப் போடலாம் என்று ஜெர்மனியில் 1938லிருந்து சட்டமே இருக்கிறது.

படம் எடுத்து அனுப்பினேன். முதலில், கையால் செய்வது ஆன்ட்டி, முன்னே பின்னே இருக்கும் என்றான். அப்புறம், கைப்பிடியில் துணி சுற்றிக்கொள்ளுங்கள் என்றான். பணத்தைக் கேட்டதும், உபயோகித்த கத்தியைத் திருப்பி எடுக்க மாட்டோம் என்றான். இந்த நாட்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவுப்படி, தரமில்லாத பொருளை 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்க எனக்கு உரிமை உண்டு என்று எழுதினேன். அது பெரிய கடைகளுக்குத்தான் என்று பதில், சுத்தப் பொய். இப்போது நீல டிக் விழுகிறது, பதில் இல்லை. 1,450 ரேண்ட், ஒரு சின்னக் கத்திக்கு!

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். கையில் பிடித்துப் பார்க்காமல் இந்த மாதிரிக் கத்தியை வாங்காதீர்கள். முதுகில் விரலை ஓட்டிப் பாருங்கள், உறுத்தினால் வைத்துவிடுங்கள். விக்டோரினாக்ஸ் கம்பெனியின் பிளாஸ்டிக் பிடி போட்ட 8 சென்டிமீட்டர் கத்தியே கை வேலைக்குத் தாராளமாகப் போதும், விலையும் இதில் பாதி கூட வராது. முகவரி கொடுக்காத ஆளுக்கு முன்பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருட்களை, கையில் கிடைத்த 7 நாளுக்குள் காரணமே சொல்லாமல் திருப்பலாம், அதற்கும் சட்டம் இருக்கிறது, பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.