சுங்கை சிப்புட்டில் ஒரு பெரட்டல் கடை

பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய காலத்தில் அப்பா சமைத்த காட்டுப்பன்றிப் பெரட்டலின் ருசியை மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள இந்தக் கடையில் மறுபடி கண்டேன். ஒரு தட்டு 12 ரிங்கிட். மிளகும் சோம்பும் தூக்கல். கறி நன்றாக வெந்திருந்தது. காட்டுக்கறியை அரைவேக்காடாகத் தின்னவே கூடாது, புழு இருக்கலாம்.

கொலஸ்ட்ரால் உள்ள என் வீட்டுக்காரரும் சாப்பிட்டார். 100 கிராம் பச்சைக் காட்டுப்பன்றிக் கறியில் புரதம் சுமார் 21 கிராம், கொழுப்பு 3 கிராம்தான். பண்ணைப் பன்றியின் சாதாரணக் கொத்துக்கறியில் கொழுப்பே 20 கிராம் வரை வரும். ஓடித்திரிந்த உடம்பு அல்லவா! பண்ணைப் பன்றியிலும் கொழுப்பு நீக்கிய முதுகுக்கறி மோசமில்லை.

அப்புறம், எண்ணெயைக் கட்டாயம் குறைக்க வேண்டும். தட்டோரம் குளமாக நின்றது. கடைக்கார அக்காவிடம் சொன்னேன். "அடுத்த வாரம் வந்து பாருங்க" என்றார். போவேன்.